எச்சில் இலையும் கறுப்புச் சிப்பாயும்

பாபநாசம்! பெயரிலேயே பொருள் இருக்கிறது என்பர். பொதிகையிலே பிறந்து, பாறைகளிலே புரண்டு, தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற இடம். அந்தப் படித்துறையிலே மூன்று முழுக்குப் போட்டால் செய்த பாவமெல்லாம் தீரும் என்று நம்பி, ஆண்டு முழுவதும் வருவோர் ஆயிரம் ஆயிரம். ஆடி அமாவாசை வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! பாவம் போகிறதா, போகவில்லையா என்ற வழக்கை இன்று நாம் கையில் எடுக்கப் போவதில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது. வந்தவர்கள் விட்டுச் செல்வது என்ன என்பதை மட்டும் கேட்கிறோம். உடுத்திய துணி ஆற்றிலே. உண்ட இலை கரையிலே. மிஞ்சிய சோறு மரத்தடியிலே. பாவத்தை ஆறு கொண்டுபோகிறதாம். எச்சிலை யார் கொண்டுபோவது?

இன்னும் மேலே, காரையாற்றிலே சொரிமுத்து அய்யனார் கோயில். சுற்றிலும் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசையிலே அங்கே குடில் போட்டுச் சமைத்து உண்டு திரும்புகிறார்கள் மக்கள். ஊர் கூடி உண்பதை நாம் குறை கூறவில்லை. ஏழைக்கு ஆண்டிலே கிடைக்கும் இரண்டு நாள் மகிழ்ச்சி அது. ஆனால் அவர்கள் இறங்கிச் சென்ற மறுநாள் அந்தக் காட்டை யார் பார்த்தார்கள்? குரங்கு பார்த்தது. காட்டுப்பன்றி பார்த்தது. குனிந்து குனிந்து பொறுக்கிய தூய்மைப் பணியாளர் பார்த்தார்.

கீழே இறங்குவோம். விக்கிரமசிங்கபுரத்திலே ஒரு திருமண மண்டபம். மறுநாள் விருந்து, நெல்லைச் சீமையிலே அதற்குச் சொதிச் சாப்பாடு என்று பெயர். தேங்காய்ப்பால் மணக்கிறது, இஞ்சிப் பச்சடி, அவியல், அப்பளம். முந்நூறு பேருக்குச் சமைத்தார்கள். இருநூற்று இருபது பேர் வந்தார்கள். இலையிலே பாதி உண்டார்கள், பாதி ஒதுக்கினார்கள். ஒதுக்குவது ஒரு நாகரிகமாகிவிட்டது நம்மிடையே! பந்தி எழுந்ததும் மேசை மீது விரித்த தாளோடு இலையைச் சுருட்டி, தண்ணீர்க் குப்பியையும் அதற்குள்ளேயே திணித்து, ஒரு பெரிய மூட்டையாக்கி மண்டபத்துப் பின்வாசலிலே எறிகிறார்கள். எறிந்தவர் கை கழுவி வெற்றிலை போட்டுக்கொள்கிறார். அந்த மூட்டையைப் பிரிக்கும் கை யாருடைய கை?

இந்தக் கேள்வியைச் சற்று நேரம் அப்படியே வைத்திருங்கள். மூட்டை போகும் வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே நாமும் போனால் நெல்லை மாநகரம். அதன் குப்பையெல்லாம் சென்று குவியும் இடம் இராமையன்பட்டி. அங்கே அவ்வப்போது தீப்பிடிப்பதும், அணைப்பதும், சுற்றுவட்டாரத்து மக்கள் புகையிலே இருமுவதும் நெல்லை அறிந்த கதை. குப்பை ஏன் பற்றி எரிகிறது? காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் சோறும் காய்கறியும் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு கிளம்புகிறது. எரியும் வாயு அது. மேலே பிளாஸ்டிக், கீழே மீத்தேன், தலைக்கு மேல் நெல்லை வெயில்! தீக்குச்சி கிழிக்கவா ஆள் வேண்டும்? மலைக்கு அப்பால் கேரளத்திலே, 2023 மார்ச் 2 ஆம் நாள் கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மேட்டிலே பிடித்த தீ பத்து நாட்களுக்கும் மேலாக அடங்கவில்லை. ஒரு மாநகரமே மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தது.

அதே கேரளத்திலிருந்து 2024 டிசம்பரிலே மருத்துவமனைக் கழிவுகளை ஏற்றிவந்து நெல்லை மாவட்டத்து ஊர்களிலே கொட்டினார்களே, நினைவிருக்கிறதா? கொதித்தோம். பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. வந்த கழிவு லாரியேறித் திரும்பிப் போயிற்று. கொதித்தது சரிதான்; இன்னொரு முறை கொட்டினால் இன்னொரு முறை கொதிப்போம். ஆனால் அயலான் கொட்டியபோது பொங்கிய சினம், நம் வீட்டு மூட்டை நம் ஆற்றங்கரையிலே விழும்போது எங்கே ஒளிந்துகொள்கிறது?

கொச்சிக்காரர்கள் தீயிலே பட்ட பிறகு ஒரு பாடம் கற்றார்கள். பிரம்மபுரத்திலே ஈயின் புழுக்களைக் கொண்டு உணவுக் கழிவைத் தின்னவைக்கும் ஆலைகளை அமைத்தார்கள்.

புழுவா! சீச்சீ! என்று முகம் சுளிப்போர் இருப்பர். சுளித்த முகத்தோடேயே மேலே படியுங்கள், நண்பர்களே. படித்து முடிக்கும்போது சுளிப்பு எங்கே போயிற்று என்று தேடுவீர்கள்.

இந்த ஈயின் பெயர் கறுப்புச் சிப்பாய் ஈ. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்பர். வளர்ப்போர் சுருக்கமாக பி.எஸ்.எஃப். புழு என்கிறார்கள். கறுப்பு என்றதும் சிலருக்குச் சட்டை நினைவு வந்து மிரட்சி ஏற்படலாம். இந்தக் கறுப்பும் அழுக்கை ஒழிக்க வந்ததுதான்! அமெரிக்கக் கண்டம் இதன் தாயகம். இன்று வெயில் உள்ள நாடெல்லாம் இதற்கு வீடு. நம் ஊர் எருக்குழிகளிலும் சொல்லாமல் கொள்ளாமல் குடியிருக்கிறது. பார்வைக்குக் குளவி போல இருக்கும், கொட்டாது, கடிக்காது. நம் இட்லியிலே வந்து உட்காரும் வீட்டு ஈயின் சாதியல்ல இது. வளர்ந்த ஈ உணவைத் தேடி அடுக்களைக்கு வருவதே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் வாழ்கிறது, வெயிலிலே கூடுகிறது, முட்டையிடுகிறது, மடிகிறது. ஒரு பெண் ஈ ஐந்நூறு முட்டைகள் வரை இடும். அதற்கு மேலும் உண்டு. அதையும் அழுகலின் மீது இடுவதில்லை. பக்கத்திலே உலர்ந்த இடுக்காகப் பார்த்து இடும். அதனால்தான் வளர்ப்போர் வலைக் கூண்டுக்குள்ளே மரச் சட்டங்களை இடுக்கு விட்டு அடுக்கிவைக்கிறார்கள். ஒரு கிராம் முட்டையிலே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்! நான்கு நாளிலே பொரிகிறது. பிறகு தொடங்குகிறது பந்தி.

நம் பந்தியைப் போல ஒதுக்கும் பந்தி அல்ல அது. சோறு, குழம்பு, அழுகிய தக்காளி, பழத்தோல், சந்தையிலே மிஞ்சிய கீரை, எது கொடுத்தாலும் இரவு பகல் தின்கிறது. இரண்டு வாரத்திலே கண்ணுக்குத் தெரியாத நூல் அளவிலிருந்து விரல் நுனி அளவுக்குப் பருக்கிறது. கொடுத்த கழிவிலே பாதிக்கு மேல் காணாமல் போகும். நன்றாக நடத்தினால் அதற்கும் மேலே. எஞ்சுவது எரு. இந்தப் புழு நெருக்கமாக வாழும் இடத்திலே வீட்டு ஈ முட்டையிட அஞ்சி விலகுகிறது என்பதையும் ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். தின்று முடித்த புழுவோ கருத்துப்போய், தானாகவே குப்பையை விட்டு வெளியேறி, உலர்ந்த இடம் தேடிச் சரிவிலே ஏறுகிறது. சரிவின் உச்சியிலே ஒரு தொட்டி வைத்தால், அறுவடை செய்ய ஆள் தேவையில்லை. விளைச்சலே நடந்து வந்து களஞ்சியத்திலே விழுகிறது! ஆனாலும் தீனிக்கு வேண்டுவோர் அதுவரை காத்திருப்பதில்லை; வெண்மை மாறாத பருவத்திலேயே சலித்து எடுத்துவிடுகிறார்கள்.

உலர்த்திய புழுவிலே ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம், 30 விழுக்காட்டை ஒட்டிக் கொழுப்பு. கொடுக்கும் தீனியைப் பொறுத்துக் கூடும், குறையும். சுண்ணாம்புச் சத்து ஏராளம். முட்டையிடும் கோழிக்கு அதுதானே வேண்டும்! இதெல்லாம் நேற்று முளைத்த செய்தியும் அல்ல. 1970களிலேயே அமெரிக்காவிலே இந்தப் புழுவைக் கோழிக் குஞ்சுக்கும் பன்றிக்கும் கொடுத்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவை விடுங்கள். அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஆச்சியைக் கேளுங்கள். ஒரு மண்பானை. அதற்குள்ளே காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல்; தண்ணீர் தெளித்து, மாலையிலே கறையான் புற்றருகே கவிழ்த்துவைப்பாள். விடிந்து நிமிர்த்தினால் பானை நிறையக் கறையான். குஞ்சுகள் ஓடிவந்து மொய்க்கும். புரதம் என்ற சொல்லை அந்த ஆச்சி பள்ளியிலே படித்ததில்லை. கறையான் தின்ற குஞ்சு கொழுக்கும் என்பதைக் கண்ணால் படித்தவள். மழை விட்ட மாலையிலே ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்ற மக்களல்லவா நாம்! புழுவென்றால் அருவருப்பு என்பது பட்டணத்து நாகரிகம் கொடுத்த நோய். பட்டுப்புழு தின்றால் பாங்கு, ஈப்புழு தின்றால் தீங்கா? இரண்டும் இலை தின்னிகள்தாம். ஒன்று முசுக்கொட்டை இலை, மற்றொன்று நம் எச்சில் இலை. (இலையைப் பற்றிப் பிறகு ஒரு திருத்தம் சொல்லவேண்டியிருக்கிறது.)

சரி, எவ்வளவு தேறும்? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024 இலே ஒரு கணக்கு வெளியிட்டது. 2022 ஆம் ஆண்டிலே உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். இந்திய வீடுகளிலே தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ, தோலும் கொட்டையும் சேர்த்து. விக்கிரமசிங்கபுரம் நகராட்சியிலே 2011 மக்கள் கணக்கின்படி ஏறத்தாழ 47,000 பேர். பாபநாசமும் அதற்குள் அடக்கம். பெருக்கிப் பாருங்கள். நாளொன்றுக்கு 7 டன் வருகிறது. நாட்டுச் சராசரியை வைத்துப் போட்ட கணக்குத்தான். ஓட்டலும் மண்டபமும் கோயில் அன்னதானமும் இதிலே சேரவில்லை. முறையாக நடத்துமிடத்திலே 7 டன் ஈரக் கழிவுக்கு ஒரு டன் பச்சைப் புழு எடுக்கலாம். நாள்தோறும் ஒரு டன்! கொட்டிக் குவித்தால் புகை. கொடுத்து வளர்த்தால் கோழித் தீனி.

இந்தத் தீனி வேண்டுமா வேண்டாமா என்று தாமிரபரணியின் மறுமுனையிலே போய்க் கேளுங்கள். புன்னைக்காயலிலே ஆறு கடலோடு கலக்கிறது. அங்கிருந்து வடக்கே தூத்துக்குடி. கடலிலே பிடிபடும் பொடி மீனையெல்லாம் அரைத்துத் தூளாக்கி, இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் அனுப்புகிறது மீன்தூள் தொழில். வளராத மீனை வாரிவிட்டால் நாளைக்கு வலையிலே என்ன விழும் என்று கட்டுமரத்துக்காரர் கேட்கிறார், பதில் சொல்வாரில்லை. மீன்தூள் விலை ஏறினால் இறால் வளர்ப்போர் வயிற்றிலே அடி. சோயாப் பிண்ணாக்கு விலை ஏறினால் நாமக்கல் முட்டைக்காரர் முகத்திலே கவலை. ஆகவேதான் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், பூச்சிப் புரதம் தயாரிப்போரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, இறாலுக்கும் கொடுவாவுக்கும் மீன்தூளின் இடத்திலே இந்தப் புழுத்தூளைக் கொடுத்துப் பார்க்கும் வேலையிலே இறங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு நல்லதென்றால் நாளைக்கே தொடங்கிவிடலாமே என்பீர்கள். பொறுங்கள். புகழ்வதற்கு மட்டும் பேனா எடுப்பவன் விற்பனையாளன். புழுக்கூடத்திலே நாற்றமே இராது என்று சொல்பவனும் அவனே. ஈரம் மிஞ்சினால் நாறும். தீனி மிஞ்சினால் நாறும். கவனித்து நடத்தினால்தான் அடங்கும்.

நாற்றம் சிறிய சங்கதி. பெரிய சங்கதி வேறு. 1986 இலே பிரிட்டனிலே மாடுகளுக்குப் பித்து நோய் கண்டது. செத்த கால்நடையின் எலும்பையும் இறைச்சியையும் அரைத்து, புல் தின்னும் மாட்டுக்கே தீனியாகப் போட்டதன் விளைவு என்று பின்னர் தெரிந்தது, மனிதரும் மாண்டனர். சூடு கண்ட ஐரோப்பா, பூச்சித் தீனியிலே அடிமேல் அடி வைத்து நடக்கிறது. 2017 ஜூலையிலேதான் மீன் வளர்ப்புக்குப் பூச்சிப் புரதத்தை அனுமதித்தார்கள். கோழிக்கும் பன்றிக்கும் 2021 இலே. அதிலும் ஒரு நிபந்தனை: சமையலறைக் கழிவையும் சாணத்தையும் கொடுத்து வளர்த்த புழு கூடாது. கவனித்தீர்களா? நாம் எதைக் கொண்டு வளர்க்க நினைக்கிறோமோ, அதையே அவர்கள் விலக்கியிருக்கிறார்கள்.

ஐரோப்பா விலக்கியதால் நாமும் விலக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் அஞ்சியது எதற்கு என்று கேட்டு அறிய வேண்டும் என்கிறோம். கழிவிலே காட்மியம் போன்ற நச்சு உலோகம் இருந்தால் புழு அதைத் தன் உடலிலே சேர்த்துக்கொள்ளும். கழிவிலே உள்ள கிருமி உலர்த்தும் முறையிலே பிசகினால் தீனியோடு பயணம் செய்யும். எந்தக் கழிவு கொடுக்கலாம், எது கூடாது, எவ்வளவு சூட்டிலே எவ்வளவு நேரம் வதக்கவேண்டும், யார் சோதிப்பது, இதற்கெல்லாம் தமிழிலே, எளிய நடையிலே, ஒரு பக்கத்திலே விதி வேண்டும்.

யார் எழுதுவது என்கிறீர்களா? வேடிக்கையைக் கேளுங்கள். நெல்லையின் குப்பைமேடு இருக்கிற இராமையன்பட்டியிலேதான், 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது! ஒரே ஊர். ஒருபுறம் புகையும் குப்பை; மறுபுறம் கால்நடைத் தீனியை ஆராயும் கூடம். ஆற்றின் அடுத்த முனையிலே, தூத்துக்குடியிலே, 1977 முதல் மீன்வளக் கல்லூரி. நோய்க்கும் மருத்துவனுக்கும் இடையே ஒரு வேலி மட்டும் நிற்கும்போது, வேலியிலே ஒரு வாசல் வைப்பதற்கு என்ன தடை? நகராட்சி கழிவைக் கொடுக்கட்டும். கல்லூரி சோதித்துச் சொல்லட்டும். ஆட்சியாளர்கள் இதற்கு ஆணையிட ஆயிரம் கோடி தேவையில்லை. ஒரு தாள் போதும்.

ஆயிரம் கோடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிரான்சிலே இன்செக்ட் என்றொரு நிறுவனம். 2011 இலே தொடங்கினார்கள். வேறொரு வகைப் புழுவை வளர்த்துத் தீனியாக்குவோம் என்றார்கள். பல நாட்டு முதலாளிகள் பணத்தைக் கொட்டினார்கள். அமியேன் நகரிலே வானளாவிய ஆலை எழுந்தது. 2025 டிசம்பரிலே நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொல்லிவிட்டது. என்ன பிழை? தானியத் தவிட்டை விலைக்கு வாங்கிப் புழுவுக்கு ஊட்டினார்கள். குளிருக்கு ஆலை முழுவதையும் சூடேற்றினார்கள். கோழி நேராகத் தின்னக்கூடிய தவிட்டைப் புழுவுக்குக் கொடுத்து, புழுவைக் கோழிக்குக் கொடுத்தால் கணக்கு எப்படிக் கட்டும்? நமக்கோ வெயிலுக்கு விலையில்லை. கழிவுக்கும் விலையில்லை, அதை எடுத்துச் செல்லத்தான் செலவழிக்கிறோம். ஆகவே வானளாவிய ஆலை நமக்கு வேண்டாம். நுண் உரக்கூடம் என்ற பெயரிலே ஊருக்கு ஊர் நகராட்சிகள் கட்டிப்போட்ட கொட்டகைகள் இருக்கின்றன. சிலவற்றிலே வேலை நடக்கிறது, சிலவற்றிலே பூட்டுத் தொங்குகிறது. பூட்டுத் தொங்கும் கொட்டகையிலே வலைக்கூண்டு தொங்கட்டும்.

இப்போது, வைத்திருக்கச் சொன்ன கேள்விக்கு வருவோம். மூட்டையைப் பிரிக்கும் கை யாருடைய கை?

புழு எல்லாவற்றையும் தின்னும் என்றோம். பிளாஸ்டிக் தின்னாது. தண்ணீர்க் குப்பி தின்னாது. மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டையும் 2019 ஜனவரி முதல் தடை செய்தது தமிழ்நாடு. மண்டபங்களிலே போய்ப் பாருங்கள், தடை எங்கே என்று தேடுங்கள்! வாழை இலையும்கூடப் புழுவுக்கு நல்ல தீனியல்ல, நார் மிகுந்தது. அதை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடவேண்டும், அல்லது நறுக்கி உரக்குழியிலே போடவேண்டும். முன்னே சொன்னோமே, திருத்தம், அதுதான் இது. இலை வேறு, இலையின் மேல் உள்ளது வேறு. ஆகப் பிரித்துக் கொடுத்தால்தான் புழு வேலை செய்யும். பிரிக்காமல் கொடுத்தால் புழுக்கூடம் இன்னொரு குப்பைமேடு. பெயர்ப்பலகை மட்டும் புதிது.

பிரிப்பது யார்? நம்முடைய விழுப்பமும் வெட்கக்கேடும் இந்த ஒரு கேள்வியிலே அடங்கிக் கிடக்கின்றன. எச்சில் இலை எடுப்பதற்கென்றே சிலரைப் பிறப்பால் ஒதுக்கிவைத்த நாடு இது. துப்புரவுப் பணியாளர் என்றிருந்த பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம், நல்லது. பெயர் மாறிற்று, கை மாறியதா? அன்று மூட்டையைச் சுமந்த அதே குடும்பத்துப் பெண்தான் இன்று நீலத் தொட்டி, பச்சைத் தொட்டி என்று தள்ளுவண்டியிலே தள்ளிக்கொண்டு, நம் வீட்டுக் கலவையை வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருக்கிறார். அழுகிய சாம்பாருக்குள்ளே உடைந்த கண்ணாடி இருக்கிறது, குழந்தைத் துணி இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று மத்திய அரசின் விதிகள் 2016 இலேயே சொல்லிவிட்டன. விதி தாளிலே, வேதனை அவர் கையிலே!

விஞ்ஞானம் புதிதாக ஒரு புழுவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அந்தப் புழுவுக்கு ஊட்டுவதற்காக, அதே பெண்ணைக் கூட்டிவந்து, அதே மூட்டையை இன்னும் நுணுக்கமாகப் பிரி என்று சொல்லப்போகிறோமா? அப்படியானால் இந்தத் திட்டத்தை நாம் ஆதரிக்கமாட்டோம் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறோம். ஆதரிக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை. உண்டவனே வழிக்கவேண்டும்.

இது பெரிய காரியமா? கை கழுவும் இடத்திற்கு முன்னே மூன்று தொட்டி. இலையைத் தானே எடுத்துவந்து, மிஞ்சிய சோற்றை ஒன்றிலே தள்ளி, இலையை இன்னொன்றிலே போட்டு, குப்பியை மூன்றாவதிலே போட்டுவிட்டுக் கை கழுவவேண்டும். மாமனாராக இருந்தாலும் சரி, மாவட்ட ஆட்சியராக இருந்தாலும் சரி. அரை நிமிட வேலை. தன் இலையைத் தான் எடுப்பதிலே இழிவு இருக்கிறதென்றால், அடுத்தவன் இலையைக் காலமெல்லாம் எடுத்தவனுக்கு நாம் இழைத்தது எவ்வளவு பெரிய இழிவு! இலையை எடுத்துவந்து வழிக்கும்போது இன்னொன்றும் நடக்கும். எவ்வளவு ஒதுக்கினோம் என்பதை அவரவர் கண்ணே பார்க்கும். அடுத்த பந்தியிலே, போதும் என்று கையைக் குறுக்கே நீட்டுவார். வீணாகாத சோற்றைவிடச் சிறந்த தீனியை எந்தப் புழுவாலும் செய்துதர முடியாது.

அடுத்தது, வருவாய். புழுத்தூள் விற்கும், எரு விற்கும், முட்டையும்கூட விற்கும். விற்கும் என்று தெரிந்துவிட்டால் போதும், ஒப்பந்தக்காரர் ஓடோடி வருவார்! குப்பை நாறியபோது அது தொழிலாளியின் சொத்து. குப்பை காசானதும் அது குத்தகைக்காரரின் சொத்து. இந்தப் பழைய கதை இங்கே நடக்கக் கூடாது. விக்கிரமசிங்கபுரத்துக் கொட்டகையை அந்த ஊர்த் தூய்மைப் பணியாளர்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்த கூட்டுறவு நடத்தட்டும். பயிற்சியை இராமையன்பட்டிக் கல்லூரி தரட்டும். முதலாண்டு நட்டம் வந்தால் நகராட்சி தாங்கட்டும். குப்பை அள்ளுவதற்கு அது கொட்டுகிற பணத்தோடு ஒப்பிட்டால் பெரிதாக இராது. பச்சைப் புழுவிலே ஒரு பங்கு, கொல்லையிலே பத்துக் கோழி வளர்க்கும் பெண்களுக்கு அன்றாடம் கிடைக்கட்டும்; தூளாக்கி மூட்டை கட்டி விற்பது அதற்குப் பிறகு.

காட்டுக்குள்ளே மட்டும் கூடம் வேண்டாம். புலிகள் காப்பகத்திலே புதிதாக எதையும் வளர்க்கும் வேலை நமக்கு எதற்கு? சொரிமுத்து அய்யனார் கோயிலிலே சேரும் கழிவு அன்றன்றைக்கே பிரித்த தொட்டியோடு மலையிறங்கட்டும். மேலே போகிற பேருந்து ஆட்களை ஏற்றிச் செல்கிறதே, இறங்குகிற வண்டி தொட்டிகளை ஏற்றி வந்தால் என்ன குறைந்துவிடும்?

வரும் ஆடி அமாவாசைக்கு முன்னே, பாபநாசம் படித்துறையிலும் காரையாற்றிலும் அந்த மூன்று தொட்டிகள் நிற்கின்றனவா என்று பார்ப்போம். நகராட்சி புழுக்கூடத்துக்கு ஏலம் விடுமானால், அந்த ஏலத் தாளிலே தூய்மைப் பணியாளர் கூட்டுறவின் பெயருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்ப்போம். இல்லையென்றால், ஏன் இல்லை என்று விக்கிரமசிங்கபுரம் நகராட்சி வாசலிலே நின்று, கூட்டமாகவே கேட்போம்.